மங்கிய ஹெட்லைட்: வயரிங்கைச் சரிசெய்வதா, ரிலே போடுவதா, எல்.இ.டி.க்கு மாறுவதா?

ஹெட்லைட் மங்கலாக எரியும் மோட்டார் சைக்கிளுக்கு நான்கு பேரிடம் யோசனை கேட்டால் நான்கு பதில்கள் வரும். ஒருவர் எல்.இ.டி. பல்பைப் போடச் சொல்வார். இன்னொருவர் ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச்) இல்லாமல் எதுவும் தேறாது என்பார். மூன்றாமவர் 100 வாட் பல்பை மாட்டிவிட்டால் போதும் என்பார். வயரிங் முழுவதையும் பிரித்துப் புதிதாகக் கட்ட வேண்டும் என்று நான்காமவர் அடித்துச் சொல்வார். அவரவர் வண்டியில் அது பலன் தந்திருக்கும் என்பதால் யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பல்புக்கு மின்னழுத்தம் முழுதாகப் போய்ச் சேராததால் வரும் மங்கலும், வண்டி போதுமான மின்சாரத்தை உற்பத்தி செய்யாததால் வரும் மங்கலும், எல்லாம் ஒழுங்காக இருந்தும் விளக்கே சிறியதாக இருப்பதால் வரும் மங்கலும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். மூன்றுக்கும் வழி வேறு வேறு. இந்தக் குழப்பத்தில் நிற்பவர்களுக்காக ஐந்து வழிகளை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

## எவற்றை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல், பல்பின் முனையில் உண்மையில் கிடைக்கும் மின்னழுத்தம். ஹாலஜன் பல்பின் வெளிச்சம் மின்னழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் குறைவதில்லை. அதைவிட வேகமாகச் சரிகிறது. மின்னழுத்தம் 5 விழுக்காடு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 16 விழுக்காடு குறையும். 10 விழுக்காடு குறைந்தால் ஏறக்குறைய 30 விழுக்காடு போய்விடும். 20 விழுக்காடு குறைந்தால் பாதிக்கும் மேல் காணாமல் போகும். எனவே வழியில் தொலையும் ஒரு வோல்ட்டை அற்பம் என்று ஒதுக்க முடியாது.

இரண்டாவது, வண்டியின் உற்பத்தித் திறன். ஸ்டேட்டர், அதாவது எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உற்பத்தி செய்யும் காயில் தொகுதி, தரும் மொத்த வாட்டில் எஞ்சினின் பற்றவைப்பு, பேட்டரி சார்ஜ், பின்விளக்கு, இண்டிகேட்டர் எல்லாம் போக ஹெட்லைட்டுக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, ஹெட்லைட் ஏ.சி.யில் (திசை மாறி மாறி ஓடும் மின்சாரம்) எரிகிறதா, டி.சி.யில் (பேட்டரி தருவதுபோல ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) எரிகிறதா என்பது. சில வண்டிகளில், குறிப்பாகப் பழைய சிறிய எஞ்சின் வண்டிகளில், ஹெட்லைட்டுக்குப் பேட்டரியோடு தொடர்பே இருக்காது. மேக்னட் காயிலிலிருந்து, அதாவது ஸ்டேட்டரிலிருந்து, மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் வழியாக நேராக மின்சாரம் வரும். அங்கே ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் வெளிச்சம் ஏறும், விட்டால் இறங்கும். எஞ்சின் ஓடினால் மட்டும் எரிகிறது என்பதை வைத்து ஏ.சி. என்று முடிவு கட்டிவிடக் கூடாது, டி.சி. வண்டிகளிலும் அப்படி அமைத்திருப்பதுண்டு. மல்டிமீட்டரை டி.சி.யில் வைத்துப் பல்பு முனையில் அளந்தால் சந்தேகம் தீரும்.

நான்காவது, ரிஃப்ளெக்டரும் கண்ணாடியும் எந்த வகைப் பல்புக்காக வடிவமைக்கப்பட்டவை என்பது. ஐந்தாவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை: நடுவழியில் கெட்டுப்போனால் அந்த இடத்திலேயே சரிசெய்ய முடியுமா, வேண்டாம் என்றால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா?

## அளந்து பார்க்காமல் எதையும் வாங்க வேண்டாம்

மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் டி.சி. வண்டிக்கு மூன்று அளவுகள் போதும். ஹெட்லைட்டை எரியவிட்டு, எஞ்சினை ஓரளவு வேகத்தில் ஓடவிட்டுப் பேட்டரியின் இரு முனைகளுக்கு நடுவே அளப்பது முதலாவது, 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருந்தால் சார்ஜிங் நன்றாக இருக்கிறது. அடுத்து, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும் மறு முனையைப் பல்பு ஹோல்டரின் பிளஸ் ஊசியிலும் வைக்க வேண்டும். மீட்டர் காட்டும் எண்தான் வழியில் தொலைந்த மின்னழுத்தம். அதேபோலப் பேட்டரியின் மைனஸுக்கும் ஹோல்டரின் எர்த்துக்கும் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் முனை) நடுவே மூன்றாவது அளவு. இரண்டு இழப்புகளையும் கூட்டினால் அரை வோல்ட்டுக்குள் இருப்பது நல்ல வயரிங். ஒரு வோல்ட்டைத் தாண்டினால் பழுது இருக்கிறது.

இங்கே பலரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. பல்பைக் கழற்றிவிட்டு வெறும் ஹோல்டரில் அளந்தால், உள்ளே ஒரே ஒரு செம்பு இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் வயரும் முழு 12 வோல்ட்டைக் காட்டும். மின்னோட்டம் ஓடும்போதுதான் இழப்பு வெளியே வரும். ஆகவே பல்பு மாட்டியபடி, எரிந்தபடி, ஹோல்டரின் பின்புறமாக மீட்டர் முனையைச் செருகித்தான் அளக்க வேண்டும்.

அளப்பதற்கு முன் கண்ணால் பார்த்துவிட வேண்டியவையும் உண்டு. பல்பின் கண்ணாடி உள்ளே கறுத்திருந்தால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது. ரிஃப்ளெக்டரின் வெள்ளிப்பூச்சு மங்கியிருந்தாலோ, பிளாஸ்டிக் முகப்பு மஞ்சளித்திருந்தாலோ, கீழே வரும் ஐந்து வழிகளில் எதுவும் அதைச் சரிசெய்யாது.

## முதல் வழி: இருக்கும் வயரிங்கைச் சரிசெய்வது

55 வாட் பல்பு 12 வோல்ட்டில் ஏறத்தாழ 4.6 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து கிளம்பும் அந்த மின்சாரம் ஃபியூஸ், சாவி சுவிட்ச், ஹெட்லைட் சுவிட்ச், ஹைபீமையும் லோபீமையும் மாற்றும் டிம்மர் சுவிட்ச், இடையிடையே வரும் கனெக்டர்கள் எல்லாவற்றையும் கடந்து பல்புக்குப் போய், எர்த் வழியாகத் திரும்ப வேண்டும். இத்தனை இடங்களிலும் சேர்த்து வெறும் 0.3 ஓம் மின்தடை கூடிவிட்டாலே ஏறக்குறைய 1.4 வோல்ட் தொலைந்துவிடும். அதோடு ஆறு வாட் அளவுக்கு வெப்பமும் அந்த வழியிலேயே வெளியாகும். அந்த வெப்பம் முழுவதும் ஒரே கனெக்டரில் குவிந்தால் என்ன ஆகும் என்பதைப் பல்பு ஹோல்டரைக் கழற்றிப் பார்த்தால் புரியும். வெள்ளை பிளாஸ்டிக் ஒரு ஊசியைச் சுற்றி மட்டும் பழுப்பேறி, சில வண்டிகளில் உருகி வளைந்தும் இருக்கும். அந்த ஊசிக்குப் போகும் வயரின் உறையைக் கொஞ்சம் சீவினால், பளபளக்க வேண்டிய செம்பு கறுத்துப் போய், அழுத்தினால் பச்சைக் களிம்பு பொடியாக உதிரும்.

இந்த வழியில் தேட வேண்டிய இடங்கள் அதிகமில்லை. ஹேண்டில்பார் திரும்பும்போதெல்லாம் வளைந்து நிமிரும் கழுத்துப் பகுதியில், உறை நன்றாக இருக்க உள்ளே இழைகள் அறுந்திருக்கும். ஹேண்டில்பாரை இருபுறமும் திருப்பும்போது வெளிச்சம் துடித்தால் சந்தேகம் அங்கேதான். டிம்மர் சுவிட்சின் உள்ளே இருக்கும் சின்னஞ்சிறு பித்தளைத் தொடுமுனைகளில் கருகல் படிந்திருக்கும். காண்டாக்ட் கிளீனர் அடித்துப் பலமுறை இப்படியும் அப்படியும் தள்ளினால் ஓரளவு சரியாகும். சொரசொரப்பான உப்புத்தாளால் தேய்த்தால் மேற்பூச்சு போய் விரைவில் மறுபடியும் கருகும். எர்த்தைப் பொறுத்தவரை, வயர் சேஸிஸில் பிணைக்கப்பட்ட இடத்தில் பெயின்டையும் துருவையும் சுரண்டி, புதிய வளைய முனை போட்டு இறுக்க வேண்டும். ஹெட்லைட்டைப் போட்டால் இண்டிகேட்டர் மங்குகிறது, ஹாரன் அடித்தால் வெளிச்சம் அமுங்குகிறது என்பவை எர்த் பழுதின் வழக்கமான அடையாளங்கள். பேட்டரி வலுவிழந்திருந்தாலும் இப்படி நேரும் என்பதால் மூன்றாவது அளவைப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இதில் மறைந்திருக்கும் செலவு நேரம்தான். பொருளுக்கு ஆவது சொற்பம், தேடுவதற்கு ஆவது அதிகம். பழைய வண்டியில் ஒரு கனெக்டரை அசைத்தால் பக்கத்துக் கனெக்டரின் பூட்டு ஒடிந்து கையோடு வரும். கருமை வயரின் நீளம் முழுவதும் ஏறியிருந்தால், ஒட்டுப்போடும் ஒவ்வொரு இடமும் சில மாதங்களில் மறுபடியும் தகராறு செய்யும். ஆனால் இழப்பு ஓரிரு இடங்களில் மட்டும் இருக்கும்போது இதைவிடச் சிறந்த வழி கிடையாது. கோளாறு வந்த இடத்தையே சரிசெய்வது இது ஒன்றுதான். எர்த்தைச் சரிசெய்தால் ஹெட்லைட் மட்டுமின்றி வண்டியின் மின்சாரப் பாகங்கள் அனைத்தும் தேறும்.

## இரண்டாம் வழி: ரிலே போடுவது

ரிலேயின் வேலை எளிது. பல்புக்கான மின்சாரத்தைப் பேட்டரியிலிருந்து தடித்த வயரில் நேராகக் கொண்டுபோகிறது. பழைய சுவிட்சுகளும் வயர்களும் ரிலேயின் காயிலை இயக்கும் வேலையை மட்டும் செய்கின்றன. அந்தக் காயிலுக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 0.15 முதல் 0.2 ஆம்பியர்தான் என்பதால், தேய்ந்த டிம்மர் சுவிட்சும் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். நான்கு ஊசி ரிலேயில் 30 என்பது பேட்டரியிலிருந்து வருவது, 87 பல்புக்குப் போவது, 85, 86 இரண்டும் காயிலுக்கு. ஹைபீமுக்கு ஒன்று, லோபீமுக்கு ஒன்று என இரண்டு ரிலேக்கள் வேண்டும். வயர் 1.5 அல்லது 2 சதுர மி.மீ. தடிமனில் இருக்க வேண்டும். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருப்பது கட்டாயம். ரிலேக்குப் பக்கத்தில் ஃபியூஸை வைத்தால், நடுவில் வயர் உரசி ஷார்ட் ஆகும்போது அதைக் காப்பாற்ற எதுவும் இருக்காது.

மறைவான செலவுகளில் முதலாவது, ரிலேயும் வயரும் சேர்த்து விற்கும் கிட்டின் தரம். உறை தடிமனாகவும் உள்ளே செம்பு ஒல்லியாகவும் இருக்கும் கிட்கள், சில சமயம் செம்புப்பூச்சு மட்டுமே கொண்ட அலுமினிய வயர்கள், நிறையவே விற்கின்றன. அவற்றைப் போட்டால் ஓர் இழப்பை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்ததாகிறது. இரண்டாவது, மழைநீர். ரிலேயை ஊசிகள் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டாவிட்டால் ஊசிகளைச் சுற்றி நீர் தேங்கிக் களிம்பு பிடிக்கும். மூன்றாவது, ரிலே பழுதானால் விளக்கு முன்னறிவிப்பின்றி அணைந்துவிடும். ஆகவே இருக்கைக்கு அடியில் உதிரியாக ஒன்று எப்போதும் இருக்க வேண்டும். புதிய வண்டிகளில் விளக்குச் சுற்றைக் கண்காணிக்கும் மின்னணுப் பெட்டி இருந்தால் அது ரிலேயைப் பழுதாக எண்ணி எச்சரிக்கை காட்டக்கூடும். உத்தரவாதச் சிக்கலும் சேரும்.

எல்லா வண்டிக்கும் ரிலே என்பது என் பார்வையில் மிகைப்பாடு. மொத்த இழப்பு 0.4 வோல்ட் மட்டுமே இருக்கும் வண்டியில் அதை முழுவதுமாக நீக்கினாலும் வெளிச்சம் 10 விழுக்காடு அளவுதான் கூடும். அந்த வேறுபாட்டைச் சாலையில் கண் உணர்வது கடினம். இழப்பு ஒரு வோல்ட்டுக்கு மேல் பல இடங்களில் பரவியிருந்து, பல்பு 60/55 வாட் (ஹைபீம்/லோபீம்) எச்4 வகையாகவும், சார்ஜிங் நன்றாகவும் இருந்தால் ரிலேதான் மிகச் சரியான தேர்வு. சுவிட்ச் தேய்ந்து, அதற்கு மாற்று உதிரி கிடைக்காத பழைய வண்டிகளுக்கும் இதுவே கைகொடுக்கும். ஹெட்லைட் ஏ.சி.யில் எரியும் வண்டியில் இதை அப்படியே போட முடியாது. ஏ.சி.யில் ரிலே காயில் அதிரும். விளக்கைப் பேட்டரிக்கு மாற்றினாலும், அந்தச் சிறிய பேட்டரியையும் அதன் சார்ஜ் காயிலையும் ஹெட்லைட்டைச் சுமக்கும்படி யாரும் அமைக்கவில்லை.

## மூன்றாம் வழி: அதிக வாட் பல்பு

இதைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. 100 வாட் பல்பு 8 ஆம்பியருக்கு மேல் கேட்கும். இழப்புள்ள அதே வயரில் அது பாயும்போது இழப்பும் ஏறக்குறைய இருமடங்காகும், வெப்பம் அதைவிட அதிகமாகும். ஹோல்டர் உருகும், சுவிட்ச் கருகும், பிளாஸ்டிக் ரிஃப்ளெக்டரின் பூச்சு உரியும், இரவுப் பயணம் முடியும்போது பேட்டரி இறங்கியிருக்கும். பல நாடுகளில் பொதுச் சாலைக்கு இதற்கு அனுமதியும் இல்லை. 35/35 வாட் எச்எஸ்1 பல்பு உள்ள வண்டியில் எச்4 பல்பின் காதுகளை அராவி மாட்டுவதும் இதே வகைதான். இரண்டின் அடிப்பகுதியையும் பொருந்தாதபடி வேண்டுமென்றே வேறுபடுத்தித்தான் செய்திருக்கிறார்கள்.

ஹாலஜனிலேயே முன்னேற்றம் வேண்டுமென்றால், அதே வாட்டில் இழையைச் சுருக்கமாக அமைத்த தரமான பல்பு ஒன்றை வாங்கலாம். வெளிச்சம் தூரம் போகும், ஆயுள் குறையும். நீலப் பூச்சுப் பல்புகள் வெள்ளையாகத் தோன்றினாலும், பூச்சு வெளிச்சத்தின் ஒரு பகுதியை வடிகட்டிவிடுகிறது.

## நான்காம் வழி: எல்.இ.டி.

இதில் இரண்டு வெவ்வேறு பொருள்களை ஒரே பெயரில் அழைக்கிறோம். ஹாலஜன் பல்பு இருந்த துளையில் மாட்டும் எல்.இ.டி. பல்பு ஒன்று, ரிஃப்ளெக்டர் அல்லது லென்ஸோடு சேர்த்தே எல்.இ.டி.க்காக வடிவமைத்த முழு விளக்கு இன்னொன்று. இவற்றைப் பிரிக்காமல் எல்.இ.டி. நல்லதா கெட்டதா என்று வாதிடுவதில் பயனில்லை.

இரண்டுக்கும் பொதுவான நன்மை, குறைந்த மின்தேவை. 20 முதல் 25 வாட்டில் நல்ல வெளிச்சம் கிடைப்பதால் ஸ்டேட்டரின் சுமை குறைகிறது; உற்பத்தித் திறன் குறைந்த வண்டிகளுக்கு இது பெரிய ஆறுதல். உள்ளிருக்கும் டிரைவர் என்ற மின்னணுச் சுற்று மின்னோட்டத்தைச் சீராக்குவதால், வயரில் ஒன்றிரண்டு வோல்ட் தொலைந்தாலும் வெளிச்சம் மாறாது. என் தயக்கமும் அதே இடத்தில்தான். மங்கல் மறைந்துவிடுகிறது, களிம்பு பிடித்த கனெக்டர் அப்படியே இருக்கிறது. அடுத்த மழைக்காலத்தில் அது முழுவதுமாக அற்றுப்போகும்போது எந்த அறிகுறியும் காட்டியிருக்காது.

ஹாலஜன் ரிஃப்ளெக்டரில் மாட்டும் பல்பின் உண்மையான சிக்கல் ஒளிவடிவம். ஹாலஜனின் இழை இருக்க வேண்டிய இடம் மில்லிமீட்டர் துல்லியத்தில் தீர்மானிக்கப்பட்டது, எல்.இ.டி. சில்லுகள் அந்த இடத்திலிருந்து கொஞ்சம் விலகினாலும், இரு பக்கமாகப் பிரிந்து நின்றாலும், வெளிச்சம் சாலையில் விழாமல் எதிரே வருபவரின் கண்ணில் விழும். வண்டிக்கு முன்னால் பத்தடியில் பளீரென்று தெரிவதால் ஓட்டுபவருக்குத் திருப்தியாக இருக்கும். தேவையான தூரத்தில் இருட்டாகவே இருக்கும். சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி லோபீமைப் போட்டால், மேலே இருளும் கீழே ஒளியும் ஒரு தெளிவான கோட்டில் பிரிய வேண்டும். கோடு கலங்கியிருந்தால் அந்தப் பல்பு அந்த ரிஃப்ளெக்டருக்குப் பொருந்தவில்லை. ஹாலஜனுக்காக அனுமதி பெற்ற விளக்கில் எல்.இ.டி. பல்பு மாட்டுவதைப் பல நாடுகளின் சட்டம் ஏற்பதில்லை என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெப்பம் இன்னொரு மறைவான செலவு. எல்.இ.டி.யின் வெப்பம் முன்பக்கமாகப் போகாமல் பின்னால் உள்ள உலோகத் தகட்டில் சேர்கிறது. மூடிய ஹெட்லைட் கிண்ணத்துக்குள் காற்றோட்டமில்லாமல் சூடேறினால் தரமான பல்பு தன் வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், மலிவானது எரிந்துபோகும். கடை வாசலில் இரண்டு நிமிடம் எரியவிட்டுப் பார்ப்பதால் இது தெரியாது. பின்புற ரப்பர் மூடி பொருந்தாமல் விடப்பட்டால் ஈரமும் தூசியும் புகுந்து ரிஃப்ளெக்டர் கெடும். டிரைவர் பழுதானால் முழுப் பல்பையும் வீசத்தான் வேண்டும். ஹாலஜனைப் போல எந்த ஊரிலும் மாற்று கிடைக்கும் என்று நம்ப முடியாது.

முழு எல்.இ.டி. விளக்கு இந்தக் குறைகளில் பெரும்பாலானவற்றைத் தாண்டிவிடுகிறது. விலை அதிகம், வண்டியின் முகப்பில் பொருந்த வேண்டும், சீரான டி.சி. வேண்டும். இந்த மூன்றும் ஒத்துவந்தால், சிறிய விளக்கோடு அவதிப்படுபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

## ஐந்தாம் வழி: சார்ஜிங் பக்கத்தைச் சரிசெய்வது

முதல் அளவிலேயே, அதாவது பேட்டரி முனையிலேயே, எஞ்சின் ஓடும்போது 12.5 வோல்ட் போல நின்றுவிட்டால் பல்பையும் வயரையும் தொடுவதில் பயனில்லை. ரெகுலேட்டர் கனெக்டர், ஸ்டேட்டர், பேட்டரி என்ற வரிசையில் பார்க்க வேண்டும். மூன்று மஞ்சள் வயர் வரும் மூன்று கட்ட ஸ்டேட்டரில், எந்த இரண்டு வயர்களுக்கு நடுவே அளந்தாலும் ஏ.சி. மின்னழுத்தம் ஏறக்குறைய சமமாக இருந்து எஞ்சின் வேகத்தோடு ஏற வேண்டும். எதுவும் எஞ்சின் உடலோடு தொடர்பில் இருக்கக் கூடாது.

ஏ.சி. ஹெட்லைட்டை டி.சி.க்கு மாற்றுவதும் இந்தப் பிரிவில்தான் வரும். எஞ்சினோடு இணைக்கப்பட்ட காயில் முனையைப் பிரித்து வெளியே எடுத்து, ஏ.சி. அலையின் இரு பாதிகளையும் டி.சி.யாக மாற்றும் முழுஅலை ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர் போட்டு, தேவைப்பட்டால் பேட்டரியையும் பெரிதாக்க வேண்டும். மேக்னட் மூடியைக் கழற்றினால் புதிய கேஸ்கெட்டும், சில வண்டிகளில் புது ஆயிலும் செலவில் சேரும். எஞ்சினுக்குள் வெப்பத்திலும் எண்ணெயிலும் இருக்கப்போகிற காயில் என்பதால், சுற்றுபவரின் கைத்திறனே இதன் ஆயுள். நெரிசலில் மெதுவாக ஓட்டும்போது விளக்கு அணையாத குறையாக மங்கும் ஏ.சி. வண்டிக்கு நிரந்தரத் தீர்வு இதுதான், முழு எல்.இ.டி. விளக்கோடு சேர்த்துச் செய்தால் மட்டுமே இந்தச் செலவுக்கு அர்த்தம் இருக்கும்.

## ஒரே பார்வையில்

| வழி | எப்போது ஏற்றது | மறைவான செலவு | எதைத் தீர்க்காது |
|---|---|---|---|
| வயரிங் பழுதுபார்ப்பு | இழப்பு ஓரிரு இடங்களில் | தேடும் நேரம், ஒடியும் கனெக்டர்கள் | சிறிய விளக்கின் குறைபாடு |
| ரிலே | டி.சி., 60/55 வாட், பரவலான இழப்பு | மட்டமான கிட், உதிரி ரிலே | சார்ஜிங் குறைபாடு |
| அதிக வாட் பல்பு | பொதுச் சாலைக்கு ஏற்றதல்ல | உருகும் ஹோல்டர், கருகும் சுவிட்ச் | எதையும் |
| எல்.இ.டி. பல்பு | குறைந்த உற்பத்தி, பொருந்தும் ரிஃப்ளெக்டர் | கண்கூச்சம், வெப்பம், சட்டம் | வயரிங் பழுது |
| முழு எல்.இ.டி. விளக்கு | வயரிங் நன்று, விளக்கு சிறியது | விலை, பொருத்துதல் | வயரிங் பழுது, ஏ.சி. வண்டி |
| சார்ஜிங், டி.சி. மாற்றம் | பேட்டரியிலேயே குறைவு, ஏ.சி. வண்டி | காயில் சுற்றும் தரம், கேஸ்கெட் | பல்பு வரையிலான இழப்பு |

## இரண்டு வழிகளுக்கு நடுவே நிற்பவர்களுக்கு

அதிகமாக எழும் கேள்வி வயரிங்கா, ரிலேயா என்பது. பிளஸ் பக்கத்தில் 1.6 வோல்ட், எர்த் பக்கத்தில் 0.2 வோல்ட் இழப்பு என்று வைத்துக்கொள்வோம். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியிலேயே விட்டுவிட்டு, மறு முனையை ஃபியூஸ், சாவி சுவிட்ச், டிம்மர் என்று ஒவ்வொன்றாக நகர்த்தினால், எண் எந்த இடத்தில் தாவுகிறது என்பது தெரியும். ஓர் இடத்தைத் தாண்டும்போது 1.2 வோல்ட் தாவினால் அந்தக் கனெக்டரை மாற்றினால் போதும். ரிலேயின் செலவு மிச்சம். ஒவ்வோர் இடத்திலும் 0.2, 0.3 என்று சிறிது சிறிதாக ஏறினால் வயரிங் முழுவதும் முதுமை அடைந்துவிட்டது, ரிலே போடலாம். இழப்பு எர்த் பக்கத்தில் இருக்கும்போது மட்டும், ரிலே கிட்டோடு வரும் எர்த் வயரைப் பழைய துருப்பிடித்த போல்ட்டிலேயே மாட்டிவிட்டு, ஒன்றும் மாறவில்லையே என்று வியக்கக் கூடாது.

மொத்த இழப்பு 0.3 வோல்ட், சார்ஜிங் 14 வோல்ட், பல்பு 35 வாட், ரிஃப்ளெக்டரும் நன்று என்றால் அந்த வண்டியில் பழுதே இல்லை. விளக்கின் எல்லை அவ்வளவுதான். அங்கே வயரிங்கில் செலவிடும் ஒவ்வொரு மணியும் வீண், முழு எல்.இ.டி. விளக்கோ, சட்டம் அனுமதிக்கும் இடத்தில் தனிச் சுவிட்சும் ஃபியூஸும் கொண்ட துணை விளக்கோதான் பலன் தரும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் கிண்ணத்தைக் கழற்றி மாட்டியதில் விளக்கின் கோணம் மாறியிருக்கும். சமதளத்தில் சுவருக்கு எதிரே வண்டியை நிமிர்த்தி, வழக்கமான சுமையோடு ஒருவரை அமரவைத்து, லோபீமின் மேல்விளிம்பு விளக்கின் மையத்தைவிடச் சற்றுத் தாழ்வாக விழும்படி திருகைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். பின்னிருக்கையில் ஆளை ஏற்றும் பழக்கம் உள்ளவர்கள் அந்தச் சுமையோடும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.